ரெஜினாவை யாரும் கேட்கவில்லை

அருளு, எந்தக் கடிதத்தையும் ஆசீர்வாதம் என்று எழுதித்தான் தொடங்குவேன். இந்த முறை அந்த வார்த்தையை எழுதக் கை வரவில்லை. ஆசீர்வாதம் என்று சொல்லித்தானே போன ஞாயிற்றுக்கிழமை ரெஜினாவைக் கோயிலில் அத்தனை பேர் முன்னால் நிற்க வைத்தேன். போனில் பேசலாம் என்றால் நீ எடுப்பதில்லை. எடுத்தாலும் எனக்குக் குரல் உயர்ந்துவிடும், உனக்கு வைத்துவிடத் தோன்றும். அஞ்சாவது வரைக்கும் படித்த படிப்பு இதற்காவது உதவட்டும் என்று உட்கார்ந்துவிட்டேன். உன் நைனா எட்டிப் பார்த்து, "இன்னாமே, பரீட்சையா எழுதற? பாஸாவமாட்ட" என்று சொல்லிவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போயிருக்கிறார். வரும் வியாழக்கிழமை கருவைக் கலைக்க ஆஸ்பத்திரியில் நாள் வாங்கியிருக்கிறாய் என்று உன் தங்கை சொன்னாள். அதற்கு முன்னால் இது உன் கையில் இருக்கவேண்டும். நாளைக்கே கூரியரில் போடச் சொல்லி நைனாவிடம் கொடுப்பேன். தயவு செய்து முழுவதும் படி. பாதியில் கோபம் வந்தால் வைத்துவிட்டு, ஆறின பிறகு எடுத்துப் படி.

முதலில் அந்த ஞாயிற்றுக்கிழமையைச் சொல்கிறேன். நீ உன் பக்கத்திலிருந்து பார்த்தாய், நான் என் பக்கத்திலிருந்து பார்த்தேன். ரெண்டும் ஒன்றில்லை. ஆடி மாதத்தில் நீ போன் செய்து, "எம்மா, மறுபடியும் உண்டாயிருக்குது. யாராண்டையும் சொல்லிக்கினு இருக்காத" என்று சொன்னாய். நான் அதை எப்படி எடுத்துக்கொண்டேன் தெரியுமா? மூன்றாவது என்றால் கூட வேலை செய்கிறவர்கள் கிண்டல் செய்வார்கள், வெட்கப்படுகிறான் பிள்ளை என்று நினைத்தேன். உன் குரலில் இருந்தது வெட்கம் இல்லை, பயம் என்று எனக்குத் தெரியவில்லை. எத்தனை நாளைக்கு என்னால் வாயைக் கட்டிக்கொண்டு இருக்கமுடியும்? மூத்தவள் படிப்பில் முதல், சின்னவன் இந்த வயதிலேயே அருள்நிறைந்த மரியே செபம் முழுவதையும் தடங்கல் இல்லாமல் சொல்கிறான், இப்போது மூன்றாவதும் வருகிறது என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. புதன்கிழமை அன்பியக் கூட்டத்தில் நம் தெரு வீடுகள் எல்லாம் சேர்ந்து செபமாலை சொல்லி முடித்ததும், யாருக்காவது மன்றாட்டு உண்டா என்று கேட்டார்கள். "என் மருமவளுக்காக வேண்டிக்குங்க, மூணாவது உண்டாயிருக்குது" என்று சொல்லிவிட்டேன். பக்கத்தில் இருந்த லில்லி உடனே, "அக்கா, உன் மவன் பெரிய சம்சாரி ஆவறாம்போல" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்புதான் எனக்கு வேண்டியிருந்தது என்று இப்போது தெரிகிறது.

நம் கோயிலில் மாதா பிறந்த திருநாளுக்கு முந்தின ஞாயிறு கருவுற்ற பெண்களைப் பீடத்துக்கு முன்னால் அழைத்து மந்திரிப்பது உனக்குத் தெரியும். சாமியார் தலையில் கை வைத்து செபிப்பார், மாதா சங்கத்துப் பெண்கள் கண்ணாடி வளையல் போட்டுவிடுவார்கள். திருநாளுக்கு நீங்கள் ஊருக்கு வருகிறீர்கள் என்று தெரிந்ததும் நான் உபதேசியாரிடம் போய் ரெஜினா பெயரைக் கொடுத்துவிட்டேன். வளையலும் நானே அவலூர்பேட்டையில் வாங்கி வைத்தேன், பச்சையும் சிவப்பும் கலந்து. நீங்கள் சனிக்கிழமை சாயங்காலம் வந்து இறங்கினீர்கள். ரெஜினா முகம் வெளுத்திருந்தது. மசக்கை என்று நினைத்து ரசம் வைத்துக் கொடுத்தேன். ஸ்கேன் எடுத்துப் பார்த்த பேப்பர் அவள் கைப்பைக்குள் இருக்கிறது, அதை எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் இரண்டு பேரும் பேசிக்கொண்டே வந்திருக்கிறீர்கள் என்று எனக்கு யார் சொல்வார்கள்?

பூசை முடியப் போகும்போது உபதேசியார் மைக்கில் பெயர்களைப் படித்தார். வல்லத்திலிருந்து வந்த பெண் போனாள், நம் தெரு டெய்லர் மருமகள் போனாள். பிறகு "ரெஜினா அருள்" என்றார். ரெஜினா என் பக்கத்தில் பாயில் உட்கார்ந்திருந்தாள், சின்னவன் மடியில் தூங்கினான். அவள் அசையவில்லை. இரண்டாம் தடவையும் படித்தார். முன்னால் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். நான் அவள் முதுகில் கை வைத்து, "போம்மா, வெக்கப்படாத" என்று தள்ளினேன். ஆமாம் அருளு, தள்ளினேன். குழந்தையை என் மடியில் போட்டுவிட்டு எழுந்து போனாள். சாமியார் அவள் தலையில் கை வைத்து, "இந்தத் தாயையும் அவள் வயிற்றில் இருக்கும் சேயையும் காத்தருளும்" என்று செபித்தார். அவள் தோள் இரண்டும் குலுங்கின. வளையல் போட்ட லில்லி என்னைப் பார்த்துக் கையாட்டி, "சந்தோசத்துல அழுவுதுக்கா பொண்ணு" என்றாள். நானும் நம்பினேன். அப்போதுதான் ஆண்கள் பக்கத்திலிருந்து நீ எழுந்து போனதைப் பார்த்தேன். நைனா வண்டியை நீ எடுத்துக்கொண்டு கிளம்புகிற சத்தம் கோயிலுக்குள் கேட்டது.

வீட்டில் நடந்தது உனக்கு மறந்திருக்காது. ஆனாலும் எழுதுகிறேன், ஏனென்றால் நாம் இரண்டு பேரும் கத்தியதில் ஒருவர் சொன்னது இன்னொருவர் காதில் ஏறவில்லை. "யாரைக் கேட்டுப் பேரு குடுத்த?" என்றாய். "யாரைக் கேக்கணும்? என் பேரப்புள்ள" என்றேன். "உன் பேரப்புள்ள. ஆனா அவ வயித்துல இருக்குது. அது தெரியுதா உனக்கு?" என்றாய். அதன் பிறகுதான் டாக்டர் சொன்னதைச் சொன்னாய். முன்னால் இரண்டும் வயிற்றைக் கிழித்து எடுத்த பிள்ளைகள். இந்தத் தடவை நஞ்சுக்கொடி அந்தப் பழைய தையல் மேலேயே வேர் பிடித்திருக்கிறது. வளர வளர ரத்தம் போகலாம், பிரசவத்தில் கர்ப்பப்பையையே எடுக்க வேண்டிவரலாம், அவளே போய்விடலாம். இப்போதே கலைத்தால் ஆபத்து குறைவு, இல்லை வைத்துக்கொள்வதென்றால் பெரிய ஆஸ்பத்திரியில் பார்க்கவேண்டும், யோசித்துச் சொல்லுங்கள் என்று சொல்லியிருக்கிறார்கள். நீ யோசித்துவிட்டாய்.

எனக்கு அது உடனே புரிந்தது. காய்ந்த மண்ணில் மல்லாட்டைச் செடியைப் பிடுங்கிக் கடலை ஆய்ந்தவளுக்கு அது புரியாமல் போகுமா? செடி கையோடு வரும், காய் மண்ணைப் பிடித்துக்கொண்டு நிற்கும், இழுத்தால் அறுந்துபோகும். புரிந்தும் என் வாயிலிருந்து வந்தது வேறு. "கொலைடா அது" என்றேன். ரெஜினா அடுப்பங்கரையில் சோறு வடித்துக்கொண்டிருந்தாள். வடிதட்டைப் பிடித்த கை அப்படியே நின்றது, கஞ்சி அவள் கால் பக்கத்தில் கொட்டிற்று. நகரவில்லை. உன் நைனா, "வாயைக் கழுவிக்கினு வாமே" என்று என்மேல் பாய்ந்தார். நீ ஒரு வார்த்தை கேட்டாய். "ரெண்டு புள்ளைங்களுக்கு அம்மா இல்லாம பூடுச்சின்னா உன் கோயில் வந்து தலை வாரிவுடுமா?" அதற்குப் பதில் இல்லாததால்தான் இன்னும் சத்தமாகக் கத்தினேன்.

திருநாள் வரைக்கும் தங்காமல் மறுநாள் காலையிலேயே கிளம்பிவிட்டீர்கள். பஸ் ஸ்டாண்டுக்கு நானும் வந்தேன். நீ என்னைப் பார்க்காமலே சீட் பிடிக்க ஏறிப் போய்விட்டாய். பிள்ளைகள் இரண்டும் நைனாவிடம் முறுக்கு கேட்டு இழுத்துக்கொண்டு போயின. நானும் ரெஜினாவும் மட்டும் பூக்கடைப் பக்கம் நின்றோம். கையில் அந்த வளையலைக் கழற்றாமல் போட்டிருந்தாள். "கழட்டி வெச்சுடும்மா, வேணாம்னா" என்றேன். "கழட்டுனா பாக்கறவங்க கேப்பாங்க அத்த. போட்டுக்கினு இருந்தா அவரு பாத்து டென்சன் ஆவுறாரு. நான் இன்னா பண்ணட்டும்?" என்றாள். பிறகு சத்தம் குறைத்துச் சொன்னாள். "அத்த, நான் ரொம்ப பயந்துகினு இருக்கறேன். எனக்காவ பயப்படறனா, அதுக்காவ பயப்படறனான்னு தெரியல. இன்னொரு டாக்டராண்ட காட்டலாமான்னு கேட்டேன். அவரு காதுல வாங்கல. நீங்க கொலைன்னு சொல்றீங்க, எங்கம்மா கலைச்சுட்டு வாடின்னு சொல்லுது, அவரு தேதி வாங்கிட்டாரு. உனக்கு இன்னாடி தோணுதுன்னு ஒருத்தரும் கேக்கல." ஹாரன் அடித்தார்கள், ஏறிவிட்டாள். அவளுக்கு இன்னா தோணுது என்று நான் அப்போதாவது கேட்டிருக்கலாம். பஸ் வெளியே போகிறவரைக்கும் எனக்கு அது தோன்றவில்லை. அவள் இருந்த ஜன்னலுக்கு டாட்டா காட்டிக்கொண்டு நின்றேன்.

அன்றைக்குச் சாயங்காலமே சாமியாரைப் பார்க்கப் போனேன். நம் புதுச் சாமியார் உன்னைவிடச் சின்னவராக இருப்பார். எல்லாவற்றையும் சொன்னேன், ஊரிலே பெயர் கெடும் என்று ஒன்றையும் மறைக்கவில்லை. அவர் வளைத்துப் பேசவில்லை. "கருவைக் கலைக்கிறது தப்புதாம்மா. உருவான நாள்லேருந்து அது ஒரு உயிர். அதை நான் மாத்திச் சொல்லமுடியாது" என்றார். "அவ செத்துட்டா சாமி?" என்று கேட்டேன். தாயைக் காப்பாற்ற வைத்தியம் செய்யும்போது, வேண்டுமென்று செய்யாமல் பிள்ளை போய்விட்டால் அது கொலை இல்லை, கர்ப்பப்பையில் நோய் வந்து அதை எடுத்தாலும் அப்படித்தான், ஆனால் பிள்ளையை எடுப்பதையே வைத்தியமாகச் செய்யக்கூடாது என்றார். "ரெண்டுலயும் புள்ள போவுதே சாமி, எனக்கு வித்தியாசம் புரியலையே" என்றேன். "நினைப்புல வித்தியாசம் இருக்குதும்மா" என்றார். "ஆஸ்பத்திரி பெஞ்சுல உக்காந்துகினு நினைப்பைப் பிரிச்சுப் பாக்க முடியுமா சாமி?" என்றேன். "கஷ்டந்தான்" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காக அவர்மேல் எனக்கு மரியாதை வந்தது. பிறகு, "ரெண்டு உயிரையும் சேத்துப் பாக்கற டாக்டர் யாராச்சும் ஒருத்தராண்ட முதல்ல காட்டச் சொல்லுங்க. மருமக இன்னா சொல்றாங்க?" என்று கேட்டார். நான் எழுந்து வந்துவிட்டேன். பூக்கடைப் பக்கம் அவள் சொன்னது எல்லாம் என்னிடம் இருந்தது, இதற்குப் பதில் மட்டும் இல்லை.

இப்போது என்னைப் பற்றிக் கொஞ்சம் எழுதவேண்டும். நீ பூசையில் முதல் முதலாக அப்பம் வாங்கின புதுநன்மை நாள் உனக்கு நினைவிருக்கும். வெள்ளைச் சட்டை போட்டு மெழுகுவர்த்தி பிடித்துக்கொண்டு நின்றாய். மற்றப் பிள்ளைகளின் அம்மாக்கள் எல்லாம் பிள்ளையோடு சேர்ந்து போய் நன்மை வாங்கினார்கள். நான் மட்டும் இருந்த இடத்திலேயே முழங்காலில் இருந்தேன். வீட்டுக்கு வந்து, "எம்மா, நீ ஏன் வர்ல?" என்று கேட்டாய். நன்மை வாங்க வெறும் வயிற்றோடு இருக்கவேண்டும், காலையில் தெரியாமல் டீ குடித்துவிட்டேன் என்று சொன்னேன். அது பொய். உன் தங்கை பிறந்தபோது எனக்கு ரத்தம் நிற்கவில்லை, பிழைத்ததே பெரிது. இனிமேல் தாங்காது என்று நர்சம்மா சொன்னாள், கவர்மெண்ட் ஆஸ்பத்திரியிலேயே குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொண்டேன். வெளியே வந்ததும் பாவசங்கீர்த்தனத்தில் போய் அப்போதிருந்த வயசான சாமியாரிடம் சொன்னேன். "மனஸ்தாபப்படறியா?" என்று கேட்டார். செய்ததற்கு வருத்தமா என்று அர்த்தம். நான் உள்ளுக்குள் தேடிப் பார்த்தேன், இல்லை. கையில் ஒரு குழந்தை, தரையில் ஒரு குழந்தை, நான் உயிரோடு இருக்கிறேன். "இல்ல சாமி" என்றேன். "வரும்போது வா" என்று மன்னிப்பு கொடுக்காமல் அனுப்பிவிட்டார், அது இல்லாமல் நன்மை வாங்கக்கூடாது. நம் தெருவில் பாதிப் பெண்கள் அதே ஆஸ்பத்திரியில் அதே ஆபரேஷன் செய்துகொண்டவர்கள்தான். சொல்லாதவர்கள் எல்லாம் வரிசையில் போனார்கள். சொன்னவள் உட்கார்ந்திருந்தேன்.

பல வருஷம் அப்படியே போயிற்று. தவக்காலத்தில் தியானம் கொடுக்க வந்த ஒரு சாமியார், "எதுக்கு வருத்தம் இருக்குதோ அதைச் சொல்லும்மா" என்று கேட்டார். கடவுள்மேலேயே இத்தனை வருஷம் முகத்தைத் திருப்பிக்கொண்டு இருந்தேன், அதற்கு வருத்தம் என்றேன். அதைக் கேட்டுப் பாவமன்னிப்பு கொடுத்தார். அது சட்டப்படி சரியா தப்பா என்று எனக்குத் தெரியாது, நான் கேட்கவும் இல்லை. இப்போது கேட்டாலும் அந்த ஆபரேஷனுக்கு நான் வருந்தமாட்டேன். வராத பிள்ளையைத் தடுப்பது வேறு, வந்துவிட்ட பிள்ளையை அனுப்புவது வேறு. இரண்டையும் திருச்சபை வேண்டாம் என்கிறது. ஒன்றில் நான் மீறினேன். இன்னொன்றில் எனக்கு அது சொல்வதுதான் சரி என்று படுகிறது. படிக்காதவள் தனக்கு வேண்டியதை மட்டும் பொறுக்கிக்கொள்கிறாள் என்று நீ சொல்லலாம். சொல்லு. என் நெஞ்சில் இருப்பது அதுதான்.

இன்னொன்றும் கேள். அம்மா எழுதக்கூடாத விஷயம், ஆனாலும் எழுதுகிறேன். கல்யாணத்துக்கு முன்னால் கோயிலில் நடந்த வகுப்புக்குப் போய்விட்டு வந்து நீ என்னமாய்ச் சிரித்தாய். நாள் பார்த்துச் சேரவேண்டுமாம், உடம்புச் சூடு பார்த்து எழுதவேண்டுமாம் என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாய். அந்த வகுப்பில் உன்னையும்தானே உட்கார வைத்தார்கள்? ரெஜினாவுக்கு மட்டுமா சொல்லிக் கொடுத்தார்கள்? நாள் பார்த்துக்கொண்டிருந்தவள் அவள். பொறுக்காதவர் யார் என்று நான் கேட்கப்போவதில்லை. எனக்கு ஆபரேஷன் செய்தபோது உன் நைனாவை யாரும் கேட்கவில்லை. ஆண்களுக்கும் அந்த ஆஸ்பத்திரியிலேயே செய்தார்கள், அதுவும் சின்ன வேலைதான். அவரும் தானாக வந்து சொல்லவில்லை. நம் வீட்டில் வயிற்றில் கத்தி படுவது எப்போதும் பெண்ணுக்குத்தான். இப்போது கோயிலும் அவளைத்தான் கேட்கிறது, டாக்டரும் அவளைத்தான் கிழிக்கப்போகிறார், தேதியை மட்டும் நீ வாங்கியிருக்கிறாய்.

கோபம் வருகிறதா? வைத்துவிட்டுப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வா. உன்னை நான் குற்றவாளி ஆக்கவில்லை. நீ அவளுக்காகப் பயப்படுகிறாய். அந்தப் பயம் எனக்குத் தெரியும், எனக்கு ரத்தம் போனபோது உன் நைனா ஆஸ்பத்திரி வாசலில் நின்று செருப்பு இல்லாமல் நடந்துகொண்டே இருந்தாராம், தரை சுட்டது அவருக்குத் தெரியவில்லையாம். பெண்டாட்டி செத்துவிடுவாளோ என்று நடுங்குகிறவனைப் பார்த்து நான் கொலை என்று சொன்னேன். அந்த வார்த்தையை உன்னிடமிருந்து திரும்ப வாங்கிக்கொள்கிறேன். பிள்ளை பிள்ளைதான் என்று நான் நம்புவதை மாற்றிக்கொள்ளவில்லை. சொன்ன விதத்தைத்தான் வாங்கிக்கொள்கிறேன். நீ கொலைகாரன் இல்லை அருளு.

இந்த வாரம் அன்பியக் கூட்டத்துக்குப் போக எனக்குப் பிடிக்கவில்லை. போகாவிட்டால் கதை இன்னும் பெரிதாகும் என்று நைனா துரத்தினார். போனேன். உட்காரும் முன்பே லில்லி, "இன்னாக்கா, மருமவ வாய்க்கு மாங்கா கேக்குதா, புளியங்கா கேக்குதா?" என்று ஆரம்பித்தாள். மன்றாட்டு நேரத்தில் நானே வாயைத் திறந்தேன். "போன தடவ புள்ளைக்காவ வேண்டிக்கச் சொன்னேன். இந்தத் தடவ என் மருமவ ரெஜினாவுக்காவ வேண்டிக்குங்க. அவ உசுருக்காவ" என்றேன். "ஏங்க்கா, டாக்டர் ஏதாச்சும் சொன்னாங்களா?" என்று லில்லி நகர்ந்து பக்கத்தில் வந்தாள். "நான் கேட்டது செபம். கேள்வி கேக்கச் சொல்லல" என்றேன். முகம் சுருங்கிப் போயிற்று அவளுக்கு. ஆனால் செபம் முடிந்து எழுந்தபோது என் கையைப் பிடித்து, "எனக்கும் ஒண்ணு போச்சுக்கா. நாந்தான் கலைச்சேன். யாருக்கும் தெரியாது" என்று காதோடு சொன்னாள். இத்தனை வருஷம் என் பக்கத்தில் உட்கார்ந்து செபமாலை உருட்டியவள். வீடு வரைக்கும் கூடவே நடந்து வந்தாள், நான் ஒன்றும் கேட்கவில்லை. அவள் பெயரை மாற்றித்தான் இதில் எழுதியிருக்கிறேன், நீ யார் யார் என்று தேடாதே.

நீங்கள் வியாழக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டால் ஊருக்கு என்ன சொல்வது என்று நீ கவலைப்படுவதாகவும் உன் தங்கை சொன்னாள். மந்திரித்த பிள்ளையைக் கலைத்துவிட்டார்கள் என்று பேசுவார்களே, அம்மா இப்படி மாட்டிவிட்டாளே என்று சொன்னாயாம். அதை நினைத்து ஒரு முடிவையும் எடுக்காதே. பேசுகிறவர்கள் வாயை நான் பார்த்துக்கொள்கிறேன். ஊருக்குப் பயந்து அவள் அந்தப் பிள்ளையைச் சுமக்கவும் வேண்டாம், எனக்குப் பயந்து சுமக்கவும் வேண்டாம். அப்படிச் சுமந்து அவளுக்கு ஒன்று ஆகிவிட்டால் நான் எந்தச் சாமியாரிடம் போய் என்ன சொல்வேன்? அதே மாதிரி உனக்குப் பயந்து அவள் கலைக்கவும் வேண்டாம். பத்து வருஷம் கழித்து ஒரு நாள் சோறு போட்டுக்கொண்டே உன்னைப் பார்ப்பாள், அந்தப் பார்வையை உன்னால் தாங்கமுடியாது.

ஆகையால் உன்னிடம் நான் கேட்பது இரண்டுதான். வியாழக்கிழமைக்கு முன்னால் அவள் கேட்ட மாதிரி இன்னொரு டாக்டரிடம் காட்டு. வைத்துக்கொண்டால் என்ன ஆகும், எங்கே பார்க்கலாம், ரத்தம் எங்கே கிடைக்கும் என்று எல்லாவற்றையும் அவள் காதிலேயே விழும்படி சொல்லச் சொல். நீ வெளியே கேட்டுவிட்டு வந்து அவளுக்குச் சுருக்கிச் சொல்லாதே. அதன் பிறகு வீட்டில் அவளைக் கேள். பிள்ளைகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, டிவியை அணைத்துவிட்டுக் கேள். உனக்கு இன்னா தோணுது ரெஜினா என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு உட்காரு. அவள் அழுதால் அழட்டும். பேசாமல் இருந்தால் இருக்கட்டும். நீ நடுவில் ஒரு வார்த்தையும் எடுத்துக் கொடுக்காதே. என் பெயரையும் எடுக்காதே.

வைத்துக்கொள்கிறேன் என்று அவள் சொன்னால், நான் அங்கே வந்துவிடுவேன். பிரசவம் வரைக்கும் பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்புவது, சமையல், துணி எல்லாம் என் பொறுப்பு. நைனா அதுவரைக்கும் தன் சோற்றைத் தானே பொங்கித் தின்னட்டும், ஒன்றும் குறைந்துபோகமாட்டார். பிரசவத்தில் கர்ப்பப்பையை எடுக்கவேண்டி வந்தால் டாக்டர் எடுக்கட்டும், அதற்கு யாரையும் கேட்டுக்கொண்டு நிற்காதே. வேண்டாம் என்று அவள் சொன்னாலும் வருவேன். ஆஸ்பத்திரிக்கு உள்ளே வரமாட்டேன், என்னால் முடியாது, பொய் சொல்லக்கூடாது. பிள்ளைகளோடு வீட்டில் இருப்பேன், அவள் வந்ததும் கஞ்சி வைத்துக் கொடுப்பேன், அவள் தூங்கும்போது கால் பிடித்துவிடுவேன். அந்தப் பிள்ளைக்காக ஒரு பூசை ஒப்புக்கொடுப்பேன், பெயர் சொல்லாமல், என் வேண்டுதல் கருத்துக்காக என்று மட்டும் சொல்லி. யாராவது எத்தனை பேரப்பிள்ளை என்று கேட்டால் இரண்டு என்றுதான் வெளியே சொல்வேன். உள்ளுக்குள் மூன்று என்று எண்ணிக்கொள்வேன். அதை நீ என்னிடமிருந்து எடுக்கமுடியாது, நானும் அதை அவள்மேல் வைக்கமாட்டேன்.

அவள் சொன்ன பிறகு நீ எனக்குப் போன் செய்யவேண்டாம். அவளைச் செய்யச் சொல். நான் போனைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டிருப்பேன். அவள் எதைச் சொன்னாலும் முதல் வார்த்தையாக "சரிம்மா" என்று சொல்லுவேன். நான் அப்படிச் சொல்கிறேனா என்று நைனா எதிரில் உட்கார்ந்து கவனிப்பதாகச் சொல்லியிருக்கிறார். அழுவதென்றால் போனை வைத்த பிறகு அழுதுகொள்கிறேன்.

உன் அம்மா